ஜெபத்தில் வைத்துத் திட்டினேன்

எனக்கு மூக்கு மேல் கோபம். பெருமைக்காகச் சொல்லவில்லை, இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் மீதி எதுவும் புரியாது. வங்கியில் இருந்த காலத்தில் கவுண்டருக்கு வந்தவர்களிடம் கத்துவேன், ஆட்டோக்காரரிடம் கத்துவேன், வீட்டில் குழம்பில் உப்பு கூடினால் கத்துவேன். ஆண்டவரிடம் முழுசாக வந்த பிறகு கத்துவதை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சாட்சி சொன்னேன். உண்மையில் விடவில்லை, வேறு இடம் பார்த்து வைத்திருந்தேன். ஜெபத்துக்குள் போய்க் கத்தினேன்.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் பழகியவர்களுக்கு இது தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை, கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம். மருமகள் லேட்டாக எழுகிறாளா? ‘ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகாலை விழிப்பைக் கட்டளையிடும்.’ எதிர் நாற்காலிக்காரர் மகனுக்குப் பார்த்திருக்கும் சம்பந்தம் நமக்குப் பிடிக்கவில்லையா? ‘அவருக்கு ஞானத்தைத் தாரும்.’ சுற்றி எல்லாரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருப்பார்கள். யாருக்கு விழுகிறதோ அவர் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ஆண்டவரோடு பேசுகிறவனைக் குறுக்கே மறித்த பாவம். கடைசியில் அவரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். அடி வாங்கினவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. நான் இதில் கெட்டிக்காரன்.

என் மனைவிக்குக் கேள்வி வரும். கல்யாணமான புதிதில் பெசன்ட் நகர் பீச்சில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தபோது, “ஏங்க, ஆண்டவர் தண்ணி மேல நடந்தாரே, அலை அடிச்சிருக்கும்ல, அங்கி நனைஞ்சிருக்குமா?” என்று கேட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல சிரிப்புதான் அது. அவள் கிண்டலுக்குக் கேட்கிறவள் இல்லை. நடந்த இடத்துக்குக் கிட்டே போய் நின்று பார்க்க ஆசைப்படுகிறவள். மற்றவர்கள் பாட்டுப் பாடி, உபவாசம் இருந்து ஆண்டவரிடம் போவார்கள், இவள் கேட்டுக் கேட்டுப் போவாள். அவள் வேதப்புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நான் எடுத்துப் பார்த்ததில்லை. எனக்கு எதற்கு? நான் பதில் சொல்கிறவன் அல்லவா.

அடையாற்றில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஹாலில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நான் வேதபாடம் நடத்துவேன். அவள் டீ போடுவாள்.

இப்போது சொல்லப் போவது எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் வங்கியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தேன், முழுநேர ஊழியம் செய்ய. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னேன். “ஆண்டவர் பேசினார்” என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் சட்டைப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க” என்றாள். பையன் அப்போது காலேஜ் மூன்றாம் வருஷம்.

அந்தச் சனிக்கிழமை நான் எடுத்த பகுதி, மீன் பிடித்துக்கொண்டிருந்த பேதுருவை ஆண்டவர் கூப்பிட, அவர் வலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனது. வெளுத்து வாங்கினேன். “யார்கிட்டயாவது யோசனை கேட்டாரா? வீட்டுக்குப் போய்ட்டு வரேன்னாரா? அப்படியே எழுந்தாரு, போனாரு! அதுதான் கீழ்ப்படிதல்” என்று தொடையில் தட்டிச் சொன்னேன். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பேதுருவைப் பற்றி இல்லை.

அவள் சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தாள். “எனக்கு ஒண்ணு கேக்கணும்ங்க” என்றாள். “கேளு.” “பின்னாடி பேதுருவோட மாமியாருக்கு ஜுரம்னு வருதே, அப்ப அவருக்கு சம்சாரம் இருந்திருக்கணும்ல? அந்தம்மா கிட்ட சொல்லிட்டுப் போனாரா? இவரு பாட்டுக்கு வலையைப் போட்டுட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு அந்த வீட்டுல உலை வச்சாங்களா இல்லையா?”

ரிட்டையர் ஆன தலைமையாசிரியை ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவர்தான் முதலில் சிரித்தார். “நல்லாக் கேட்டம்மா!” என்றார். அதோடு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. என் மனைவி சிரிக்கவில்லை, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு குத்து இருந்திருக்கலாம். இருந்தால்தான் என்ன? கேட்க அவளுக்கு உரிமை இல்லையா?

“ஜெபிப்போம், கண்களை மூடுவோம்” என்றேன்.

அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டு, கண்ணை மூடினாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். ‘ஆண்டவரே, உம்முடைய வார்த்தையைக் கேள்வி கேட்கிற ஒரு ஆவி இந்த வீட்டுக்குள் உலாவுகிறது. அதைக் கட்டும். ஊழியத்துக்குத் தடையாக இருக்கிற நாவை அடக்கும். இந்த வீட்டின் சகோதரியைத் தாழ்மையினால் நிரப்பும்.’ இன்னும் சொன்னேன். ஐந்து நிமிஷம் சொன்னேன். முப்பது வருஷத்துக் கோபத்தையும் இனிப்பு தடவிச் சொன்னேன். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. மூடின இமைக்குள் அவள் கண் உருண்டுகொண்டிருந்தது. பார்த்துவிட்டு, நிறுத்தாமல், மேற்கொண்டு ஜெபித்தேன்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அப்புறம் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேதத்தைப் பற்றி மட்டும் இல்லை. “இன்னைக்கு என்ன சமைக்க?” என்பதுகூட “சாம்பார் வைக்கிறேங்க” என்று ஆகிவிட்டது. நானாக ஏதாவது கேட்டால், “நீங்க சொன்னா சரிதாங்க.” இதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? ஜெபம் கேட்கப்பட்டது என்று! என் மனைவி தாழ்மையில் வளர்ந்திருக்கிறாள் என்று கூட்டத்தில் அவளை வைத்துக்கொண்டே சாட்சி சொன்னேன். ச்சீ, நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில் கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் மதியக் கூட்டம். அவசரத்தில் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது அவள் வேதப்புத்தகத்தை. எங்கள் புத்தகம் இரண்டும் கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்தவை, ஒரே கறுப்பு அட்டை. அங்கே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்து, முதல் பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பென்சில் கிறுக்கல் ஒன்றுகூட இல்லை. புத்தகத்தின் நடுமடிப்பில் ரப்பர் தூள் கறுப்பாகச் சேர்ந்து கிடந்தது. பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் தூள். ஆதியிலிருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து அழித்திருக்கிறாள்.

அவளுக்கு அழுத்தி எழுதுகிற கை. வெயில் சாய்வாக விழுந்ததில் பள்ளம் பள்ளமாக எழுத்து தெரிந்தது. அன்றைக்கு நான் என்ன பிரசங்கம் செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஆனால் அவள் காய்கறி வாங்கக் கீழே போகும்போதெல்லாம் எடுத்து, பால்கனியில் போய்ச் சாய்த்துப் பிடித்து, திருடனாட்டம் படித்தேன்.

விருந்துக்கு வேலை செய்த சகோதரியையும் ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட சகோதரியையும் பற்றிய இடத்தில், ‘கடைசில அன்னைக்கு யார் பரிமாறினது?’ எரிகிற ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனவளுக்குப் பக்கத்தில், ‘அங்க அவளுக்கு யார் இருந்தாங்க? கட்டிக் கொடுத்த பொண்ணா?’ சில இடங்களில் வெறும் ‘ஐயோ’ என்று மட்டும். படிக்கப் படிக்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பது வருஷம் நானும் இதே பக்கங்களைப் படித்திருக்கிறேன். சனிக்கிழமை என்ன பேசலாம் என்று தேடித்தான் படித்திருக்கிறேன். ஒரு இடத்திலாவது ‘ஐயோ’ என்று நின்றிருப்பேனா?

ஒரு குடும்பம் மட்டும் பேழை என்கிற கப்பலில் ஏறித் தப்பின வெள்ளம் வருகிற பக்கத்தில் இருந்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ‘கதவை மூடின பிறகு வெளியே கத்தினது உள்ள இருந்தவங்களுக்குக் கேட்டிருக்குமா? கேட்டும் பாட்டுப் பாடினாங்களா?’

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அடையாறு பெருகி ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில், எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்குள் காலையிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. மேலே நாங்கள் பத்திரம். அன்றைக்கு மாடிக் குடும்பங்களை எல்லாம் ஹாலில் உட்கார வைத்துத் துதி நடத்தினேன். கைதட்டி, சத்தமாக. நடுவில் இவள் எழுந்து போனாள், என்ன அவசரமோ, கூட்டத்தில் ஒழுங்கு வேண்டாமா என்று எனக்கு எரிச்சல். அரை மணி நேரம் கழித்து இடுப்பு வரைக்கும் சேற்றோடு திரும்பினாள், தோளில் வாட்ச்மேனின் குழந்தை, பின்னால் அவன் சம்சாரம். கீழே அவர்கள் கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன்.

பால்கனியில் உட்கார்ந்து என்னை நானே கேட்டேன்: நிஜமாகவே கேட்கவில்லையா? ஏதோ கேட்டது. ஏதோ சத்தம் என்று தெரிந்துதான் பாட்டை இன்னும் உரக்க எடுத்தேன். அந்த வெள்ளத்தில் ஆண்டவர் எங்களைக் காத்த அதிசயத்தை எத்தனை சபைகளில் சொல்லியிருப்பேன்! ஒரு இடத்திலும் அந்தக் குழந்தை வரவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. பேச்சே பிழைப்பாக இருக்கிறவன், ‘கேட்டது ஆண்டவரே, எனக்குக் கேட்டது’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் வாழ்க்கையில் முதல்முதலாக ஜெபித்தது அதுதானோ என்னவோ. அதையும் அவள் அழித்த கேள்விதான் செய்ய வைத்தது. இந்தப் பெண்ணின் வாயைக் கட்டும் என்று ஆண்டவரிடம் கேட்டவன் நான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மெதுவாக எடுத்தேன். “பேழைக்கு வெளிய இருந்தவங்க சத்தம் உள்ள கேட்டிருக்குமா? நீ என்ன நினைக்கிற?” அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நீங்க சொன்னா சரிதாங்க” என்றாள். “நான் ஒண்ணும் சொல்லலையே, உன்னைத்தானே கேக்கறேன்.” “எனக்கு என்னங்க தெரியும்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிழைத்தேன் என்று இருந்திருப்பேன். ஒருவேளை எல்லாம் செத்தே போய்விட்டதோ, நான் கொன்றேவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

சாகவில்லை. அது எனக்கு ராயப்பேட்டையில் தெரிந்தது. அங்கே ஒரு சந்தில் மாடியில் ஜாக்கெட் தைக்கிற அம்மா ஒருத்தர், வீட்டில் உருது பேசுகிற முஸ்லிம் குடும்பம். என் மனைவி வாரா வாரம் அங்கே போவாள். இத்தனை ஜாக்கெட்டா என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெங்களூரிலிருந்து பையன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். படி ஏறும்போது மேலே தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அது என் மனைவி என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எங்கள்ல சொல்றது இன்னான்னா, அந்த நபியோட சொந்தப் புள்ளையே கப்பல்ல ஏறலைம்மா” என்றார் தையல்கார அம்மா. “நைனா கூப்புட்டுக்கினே கீறாரு. புள்ள வரலை. அலை வந்துடுச்சு.”

மெஷின் நின்றது. “ஐயோ, எங்க புஸ்தகத்துல மூணு பசங்களும் உள்ளதாங்க இருப்பாங்க” என்றாள் என் மனைவி. “அப்ப அந்த அப்பா? புள்ள கத்துறது காதுல விழும்ல? அப்புறம் அவரு எப்படிக் கும்பிட்டிருப்பாரு? யார் முன்னாடி போய் நின்னிருப்பாரு? கடவுள்தான் என்ன சொல்லியிருப்பாரு அவருகிட்ட?”

“இன்னா சொல்லியிருப்பாரு, அவரும்தான் அழுதிருப்பாரு. எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டா என்னைத் தோலை உரிச்சுடுவாரு!” இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள்.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக, மூச்சு விடாமல், என்ன அழகாகக் கேட்கிறாள்! எட்டு வருஷமாக என் வீட்டில் இல்லாதது எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கிறது. சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பொறாமைதான் வந்தது. மேலே ஏறினேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மடியில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து, “போலாங்க” என்றாள். நான் போனைக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்வதற்குள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்தேன், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மறுநாள் காலை குடும்ப ஜெபம். இரண்டு பேர்தான், கட்டில் பக்கத்தில் பாய் போட்டு முழங்காலில். கண்ணை மூடி ஆரம்பித்தேன். ‘ஆண்டவரே, என் மனைவிக்கு விரோதமாய் நான் செய்த பாவத்தை மன்னியும். அவள் வாயை நான் அடைத்தேன். அவள் இருதயத்தின் காயத்தை ஆற்றும்…’ எனக்கே அழுகை வந்துவிட்டது. நன்றாக ஜெபிக்கிறேன் என்றும் மனசுக்குள் ஒரு மூலையில் தோன்றிற்று, அந்தப் புத்தி எங்கே போகும்?

முடித்தேன். ஆமென் வரவில்லை.

“கண்ணைத் திறங்க” என்றாள்.

திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ.

“தப்புப் பண்ணது என்கிட்ட. மன்னிப்புக் கேக்கறது அவர்கிட்டயா? அன்னைக்கும் இப்படித்தான். நான் கண்ணை மூடிட்டு இருக்கறப்பவே எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க. ஆண்டவரை நடுவுல உக்கார வைக்காம என்கிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியாதா உங்களுக்கு?”

எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்விகள். பன்னிரண்டு சபைகளில் மைக் பிடித்தவன், மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘தப்புதாம்மா’ என்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு திணறினேன். சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்ததையும், வெள்ளத்தன்று கீழே கத்தினது எனக்குக் கேட்டதையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் தலையாட்டினாள். “தெரியும்” என்றாள்.

“சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லிடறேன்.”

“வேணாம். அதையும் நல்ல சாட்சியா ஆக்கிடுவீங்க.”

சரியாகத்தான் சொன்னாள். இதை எழுதும்போதும் அந்த வார்த்தை பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது. எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுக்க வேண்டும், அவள் கிழித்துப் போடச் சொன்னால் கிழித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பாயைச் சுருட்ட எழுந்தாள். நான் இன்னும் முழங்காலில்தான் இருந்தேன். “இப்பவும் உனக்குக் கேள்வி வருதுல்ல?” என்று கேட்டேன். “வருது.” “என்கிட்ட ஒண்ணு கேளேன். எனக்குப் பதில் தெரியாது. தெரியாதுன்னே சொல்றேன். சும்மா கேளு.”

கேட்க வாயெடுத்தாள். நிஜமாக, உதடு பிரிந்தது, கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“பயமா இருக்குங்க” என்றாள்.